பொய் சொல்லாத ஊசி: ஒரு ஸ்டீம்பங்க் மேசைவிளக்கு செய்த கதை

நேற்றிரவு வால்வின் கைப்பிடியை இடப்பக்கமாகத் திருகினேன். அறுபது பற்கள் கொண்ட பித்தளைச் சக்கரம் மெல்ல நகர்ந்தது. அதன்மேல் இருந்த ஊசி பூஜ்யத்தை விட்டு எழுந்தது. ஊசி 2-ஐத் தொட்டபோது கண்ணாடிக்குள் இழை கரிக்கனல்போலச் சிவந்தது. 5-க்கு வந்தபோது சுவரில் நிழல்கள் விழுந்தன. 9-ஐத் தாண்டியதும் படிக்கப் போதுமான வெளிச்சம். மூன்றரைச் சுற்று ஆகும் நேரத்தில் வால்வு முட்டி நின்றது, ஊசியும் நின்றது. மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஐந்து மாதம் ஆகியிருக்கிறது; குறிப்பேட்டின்படி 64 மணி நேரம். அதில் பாதிக்கு மேல் தவறுகளைச் செய்வதிலும் செய்ததைப் பிரித்துப்போடுவதிலும் போயிற்று. இன்னொருவருக்கு உதவக்கூடியது அந்தப் பாதிதான் என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இது என் இரண்டாவது விளக்கு. முதலாவதைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அரை அங்குலக் குழாய்கள், இரண்டு முழங்கை இணைப்புகள், பழைய கடிகாரங்களிலிருந்து கழற்றிய ஒன்பது பற்சக்கரங்கள். குழாயின் உடம்பெங்கும் சக்கரங்களைப் பசை வைத்து ஒட்டினேன். ஓர் அழுத்தமானியையும் பக்கத்தில் செருகினேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது. படம் எடுத்தால் அருமையாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், அக்காள் மகளைத் தவிர. அவளுக்கு எட்டு வயது. ஒட்டிய சக்கரம் ஒன்றை விரலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

“மாமா, இந்தச் சக்கரம் எதைச் சுற்றும்?”

“எதையும் சுற்றாது. அழகுக்கு வைத்தது.”

“இந்த முள் எதைக் காட்டுகிறது?”

“அதுவும் சும்மாதான்.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த விளக்கைப் பிறகு பார்க்கவே பிடிக்கவில்லை.

நீராவிக் கால இயந்திரங்களின் பாணியில் கதையும் பொருளும் படைப்பதற்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். அந்தப் பெயரே பாதி விளையாட்டாகப் பிறந்தது. கணினி யுகத்து அறிவியல் கதைகளைக் குறிக்கும் சைபர்பங்க் என்ற சொல் அடிபட்டுக்கொண்டிருந்த 1987-இல், கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தானும் நண்பர்களும் விக்டோரியா காலத்தை வைத்து எழுதிவந்த விசித்திரக் கதைகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டலாமே என்று ‘லோகஸ்’ என்ற அறிவியல் புனைகதை இதழுக்குக் கடிதம் எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. கதையிலிருந்து உடைக்கும், உடையிலிருந்து மேசைக்கும் வந்தது. 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் இத்தகைய பொருட்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

அந்தக் கதைகளில் என்னை இழுத்தது தொப்பியோ காற்றுக்கண்ணாடியோ ஆகாயக்கப்பலோ இல்லை. அவற்றில் வரும் இயந்திரங்களை விரலால் தொட்டுப் பின்தொடரலாம் என்பதுதான். இங்கே நீராவி நுழைகிறது, இது தள்ளப்படுகிறது, அதனால் அது சுழல்கிறது. 1858-இல் நீரில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களை ஓட்டிய எந்திரத்தில் உருளைகளே ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடின. ஒவ்வோர் உருளையும் 74 அங்குல விட்டம். அதன் வரைபடத்தைப் பார்த்தால் எது எதைத் தள்ளுகிறது என்று சிறுபிள்ளைக்கும் விளங்கும். என் கைபேசி கெட்டுப்போய்த் திறந்து பார்த்தால் கறுப்புச் சில்லுகள் தெரிகின்றன. அவ்வளவுதான். பித்தளை மீதுள்ள என் ஆசை அந்தக் கறுப்புச் சில்லின் மீதுள்ள கோபம் என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்ட நான், சுழலாத சக்கரங்களைப் பசை வைத்து ஒட்டியிருந்தேன்.

ஆகவே இரண்டாவது விளக்குக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியும் எந்தப் பாகமும் வேலை செய்ய வேண்டும். ஊசி இருந்தால் அது உண்மையான ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டும்.

திட்டம் எளியது. வால்வின் கைப்பிடியைத் திருகினால் அதன் தண்டு சுழலும். தண்டில் ஒரு சிறிய பற்சக்கரம். அது ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். பெரிய சக்கரத்தின் அச்சு, பின்னால் இருக்கும் மாறு மின்தடையின் அச்சேதான். ரேடியோவின் ஒலிக்குமிழுக்குப் பின்னால் இருப்பதும் இதே பொருள்தான். அது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை இயக்கும். ஊசி பெரிய சக்கரத்தின்மேல் அமரும். எனவே ஊசியும் வெளிச்சமும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்று தப்ப முடியாது.

வால்வு பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஒரு தகட்டை ஏற்றி இறக்கிக் குழாயைத் திறந்து மூடுவது கேட் வால்வு. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் திருகத் திருகத் தண்டு மேலே எழும்பும். மற்றதில் தண்டு இருந்த இடத்திலேயே சுழல, உள்ளே தகடு மட்டும் ஏறி இறங்கும். பற்சக்கரம் பொருத்த இரண்டாவது வகைதான் ஆகும். இல்லாவிட்டால் சக்கரம் தண்டோடு சேர்ந்து நகர்ந்துவிடும். பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த ஓர் அரை அங்குலப் பித்தளை வால்வு எனக்குக் கிடைத்தது. உள்ளேயிருக்கும் தகட்டை எடுத்துவிடலாமா என்று முதலில் நினைத்தேன். நல்லவேளை எடுக்கவில்லை. இரு முனையிலும் முட்டி நிற்பதற்கு அதுதான் துணை. தண்டைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தரும் மெல்லிய இறுக்கமும் வேண்டியதே. அது இல்லாவிட்டால் திருகும்போது பொம்மைபோல இருக்கும்.

மூடிய நிலையிலிருந்து முழுக்கத் திறக்க எத்தனை சுற்று என்று எண்ணினேன். மூன்றரை. அதாவது 1260 டிகிரி. மாறு மின்தடையோ 270 டிகிரிதான் சுழலும். 12 பல்லுக்கு 60 பல் என்றால் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். 1260 என்பது 252 ஆகும். 270-க்குள் அடங்குகிறது, ஓரத்தில் கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. கணக்கு சரியாக இருந்தது. எண்ணிக்கைதான் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடிகாரங்களிலிருந்து கழற்றிய ஒன்பது சக்கரங்களில் ஏதாவது ஒரு ஜோடி சேருமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்தேன். சேரவில்லை. பல்லின் பருமன் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு சக்கரங்கள் கடிக்கும். பருமனைச் சொல்லும் அளவுக்கு மாட்யூல் என்று பெயர். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அந்தத் தொகையால் வெளிவிட்டத்தை வகுத்தால் கிடைத்துவிடும். கடிகாரச் சக்கரங்களின் பல் வடிவம் வேறு என்பதால் அங்கே இந்தக் கணக்கு உத்தேசந்தான். ஆனாலும் என்னிடமிருந்த ஒன்பதும் ஒன்பது வழியில் நிற்கின்றன என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. முதல் விளக்கில் அவற்றை ஒன்றையொன்று தொடும்படி ஒட்டியிருந்தேன்; அவை உயிர்பெற்றுச் சுழன்றிருந்தால் முதல் நொடியிலேயே ஒன்றின் பல்லை ஒன்று உடைத்திருக்கும்.

மாட்யூல் 0.8-இல் புதிதாக ஒரு பித்தளை ஜோடி வாங்கினேன். பெரியதன் வெளிவிட்டம் 49.6 மில்லிமீட்டர், சின்னதற்கு 11.2. இரு மையங்களுக்கும் இடைத்தூரம் 28.8. 3 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் துளை போட்டேன். வால்வுத் தண்டு என் காலிப்பரில் 5.96 காட்டியது, எனவே சின்னச் சக்கரத்தின் நடுத்துளையை 6-க்குப் பெரிதாக்கினேன். செய்து முடித்த பிறகுதான் யோசித்தேன். பல்லின் அடியில் விட்டம் 7.6. துளை 6. மிச்சமிருக்கும் சுவர் 0.8 மில்லிமீட்டர். சக்கரத்தைத் தண்டோடு இறுக்கும் தலையில்லாத் திருகு எம்3 (3 மில்லிமீட்டர்) அளவு, அதன் மரை இடைவெளி 0.5. ஆக, ஒன்றரை மரைதான் பிடித்திருக்கிறது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பிடிக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து அழகு வேலைக்குப் போனேன். புதுப் பித்தளை பாத்திரக்கடைப் பளபளப்போடு இருக்கிறது. நூறு வருடம் கண்ட தோற்றம் வேண்டும் என்ற ஆசை. செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு ஏற்ற ஒரு வழி உண்டு. பாகங்களை உப்புநீரில் நனைத்து, மூடியுள்ள பெட்டியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு கிண்ணத்தில் அம்மோனியாக் கரைசலை வைத்தால், ஆவி பட்டுப் பச்சையும் நீலமுமாகப் படியும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வெளுக்கும் திரவம் எதையும் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. சின்னச் சக்கரத்தைத் தண்டில் இறுக்கிய நிலையிலேயே, தண்டோடு சேர்த்துப் பெட்டிக்குள் தொங்கவிட்டேன். இரண்டு இரவு.

நிறம் பிரமாதம். மூன்றாம் நாள் காலை துணியால் துடைத்தபோது, திருகு இருந்த பல்லிடுக்கில் ஒரு மயிரிழை தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. சக்கரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிளந்திருந்தது.

இந்த விரிசல் எனக்கு முன்னால் ஒரு ராணுவத்தையே படுத்தியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. பருவத்தில் வருவதால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து அம்மோனியா. இறுக்கத்தில் இருக்கும் பித்தளையும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் பிளந்துவிடும் என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று. நான் நூற்றாண்டுப் பழமையைத் தேடிப் போனேன். கிடைத்தது தோற்றம் மட்டுமில்லை. நோயும் சேர்ந்தே வந்தது. சுமை தாங்கும் பித்தளைப் பாகத்தை அம்மோனியாவில் காட்டாதீர்கள். குழாயின் வெளிப்புறத்தில் சுற்றும் செம்புக் கம்பிக்கு வேண்டுமானால் செய்துகொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன், அந்தக் கம்பி இன்னும் நீலமாக இருக்கிறது.

இரண்டாவது ஜோடியை மாட்யூல் 1-இல் வாங்கினேன். பல்லின் அடி விட்டம் 9.5. துளை போக 1.75 மில்லிமீட்டர் சுவர். திருகுக்கு மூன்றரை மரை. எதிரெதிர்ப் பல்லிடுக்குகளில் இரண்டு திருகு போட்டேன். பெரிய சக்கரம் இப்போது 62 மில்லிமீட்டர், இடைத்தூரம் 36. பழைய தகடு குப்பைக்குப் போனது. இந்த வேலையின் மொத்தச் செலவில் பாதி பற்சக்கரங்களுக்கு. அதிலும் பாதி, பிளந்துபோன முதல் ஜோடிக்கு.

இரண்டாவது தகட்டில் கொஞ்சம் புத்தியோடு நடந்தேன். மின்தடையைப் பொருத்தும் துளைகளை வட்டமாகப் போடாமல் இரண்டு மில்லிமீட்டர் நீளவாக்கில் அரத்தால் இழுத்துவிட்டேன். கையால் துளையிடுகிறவனுக்கு 36.0 என்பது 36.4 ஆகத்தான் வரும். இடைத்தூரம் கூடினால் பற்களுக்கு நடுவே ஆட்டம் வரும். கைப்பிடியைத் திருப்பிய பிறகும் ஊசி ஒரு கணம் சும்மா நிற்கும். குறைந்தால் இறுகிப்போய் அரைக்கும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுத் தாள் போதும். தாளைப் பற்களுக்கு நடுவே கொடுத்து, இரண்டு சக்கரங்களையும் அழுத்தி, திருகுகளை இறுக்கி, பிறகு சக்கரத்தைச் சுழற்றித் தாளை வெளியே எடுக்க வேண்டும். தாள் நெளிநெளியாக மடிந்து, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. என்னுடையது முதல் முறை கிழிந்தது. இரண்டாம் முறை ஒரு கொசுவம்போல வெளியே வந்தது. அந்தத் தாளைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இதற்கிடையே வால்வைச் சுத்தம் செய்தேன். உள்ளே வெண்ணிறக் கசடு கெட்டித்துப் போயிருந்தது. வினிகரில் ஊறவைத்தால் கரையும். ஒரு மணி நேரம் போதும் என்பதற்குப் பதில் ஓர் இரவு விட்டுவிட்டேன். காலையில் பித்தளை இளஞ்சிவப்பாகிக் கிடந்தது. மேற்பரப்பிலிருந்த துத்தநாகத்தை அமிலம் தின்றுவிட, செம்பு மட்டும் மிஞ்சி நின்றது. உப்புத்தாள் 400, 800, 1200 என்று மூன்று தேய்ப்பில் மஞ்சள் திரும்பியது. கசடு சுத்தமாகப் போய்விட்டது. அந்தக் கசடோடு இன்னொன்றும் போயிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி முதல் சோதனை. கைப்பிடியைத் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றரை. நிற்கவில்லை. இன்னும் போனது. பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். மின்தடையின் அச்சு அதன்பிறகு கட்டுப்பாடில்லாமல் சுற்றியது.

நான் மூன்றரை என்று எண்ணியபோது தகடு கசடில் முட்டி நின்றிருக்கிறது. கசடு போனதும் வால்வின் உண்மையான நீளம் தெரிந்தது: நான்கு சுற்று. நான்கு சுற்று என்றால் 1440. ஐந்தால் வகுத்தால் 288. மின்தடைக்கு 270-க்கு மேல் இடமில்லை. கை கொடுக்கும் முறுக்குவிசை அங்கே போய்ச் சேரும்போது ஐந்து மடங்காகிவிடுகிறது. அச்சை நிறுத்த உள்ளேயிருக்கும் சின்னஞ்சிறு முட்டு எப்படித் தாங்கும்? சுத்தம் செய்த பிறகுதான் எதையும் அளக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

இதற்குத் தீர்வு மலிவாகக் கிடைத்தது. தண்டின் மரை சுற்றுக்கு 3 மில்லிமீட்டர். அரைச் சுற்றைக் குறைக்க 1.5 மில்லிமீட்டர் தடை போதும். தகட்டுக்கும் மேல்மூடிக்கும் நடுவே, தண்டில் 0.8 மில்லிமீட்டர் பித்தளை வாஷர் இரண்டைக் கோத்தேன். இப்போது ஏறக்குறைய 250 டிகிரியில் வால்வே நின்றுவிடுகிறது, மின்தடைக்குச் சுமை போவதேயில்லை.

வால்வு முட்டி நிற்கும் அந்த உணர்வு எனக்குப் பிடித்துப்போனது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் வரைந்த, பற்சக்கரங்களால் கணக்குப் போடும் இரண்டாம் வேறுபாட்டு இயந்திரம் நினைவுக்கு வந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் அது கட்டப்படவேயில்லை. 1840-களின் இறுதியில் வரைந்த வரைபடங்களை வைத்து, லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அதன் கணக்கிடும் பகுதியை 1991-இல் செய்து முடித்தது. சுமார் 4000 பாகங்கள், 2.6 டன். அதில் ஓர் ஏற்பாடு உண்டு. ஏதாவது ஓர் எண்சக்கரம் இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறி நின்றால் இயந்திரம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தவறான விடையை அச்சிட்டுத் தருவதைவிட நின்றுபோவது மேல் என்று நினைத்த மனிதர். சில ஸ்டீம்பங்க் கதைகள் அந்த இயந்திரம் அன்றே ஓடியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்கின்றன. எனக்கு அந்த முட்டுக்கட்டை ஒன்றே போதுமான கதை.

இனி மரை விவகாரம். முழு வேலையிலும் என்னை அதிகம் எரிச்சலூட்டிய நாள் இது. குழாய்கள் எல்லாம் பிரிட்டிஷ் குழாய் மரை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 டிகிரி மரையின் வாரிசு. விளக்குப் பிடியில் இருப்பதோ எம்10, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, 60 டிகிரி மெட்ரிக் மரை. அரையிலிருந்து எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குக் குறைக்கும் இணைப்பு ஒன்றைக் குழாயில் பூட்டி, அதன் மேல்முனையில் விளக்குப் பிடியைச் சுற்றினேன். கையாலேயே ஏறியது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. பிறகு இறுகியது. ரெஞ்சு போட்டு இன்னும் கால் சுற்று திருப்பினேன். ஒரு கிறீச்சொலி, கூடவே ஒரு பித்தளைச் சுருள் வெளியே வந்தது.

எட்டில் ஒரு பங்கு அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் 9.728 மில்லிமீட்டர். எம்10-க்குள் தாராளமாக நுழையும். ஆனால் அதன் மரை இடைவெளி 0.907. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். மூன்றாவது சுற்றில் அந்தப் பின்தங்கல் சேர்ந்து மரையின்மேல் மரை ஏறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மரை அளவி என்ற பல்வரிசைத் தகடுகளை வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த அளவி என் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. விளக்குப் பிடி வீண். இரண்டாவது பிடிக்கு, குழாய் இணைப்பின் மரையையே 10 மில்லிமீட்டர் துளைப்பானால் அழித்துவிட்டு, எம்10 மரைக்குழல் ஒன்றை அதன் வழியே நுழைத்து, மேலும் கீழும் நட்டுப் போட்டு இறுக்கினேன். கொஞ்சம் முரட்டு வேலை. வெளியே தெரியாது, ஆடவும் ஆடாது.

மின்சாரப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடம்பு முழுவதும் உலோகமாக இருக்கும் பொருளுக்குள் வீட்டு மின்சாரத்தை விட நான் தயாரில்லை. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். ஒரு சிறிய டிம்மர் பலகை. அதிலிருந்த மாறு மின்தடையைக் கழற்றி மூன்று கம்பிகளால் முன்னால் இழுத்துக்கொண்டேன். எல்இடி போட்டால் மின்சாரம் மிச்சமாகும், சூடும் இருக்காது. ஆனால் அதை மங்கவைத்தால் வெளிச்சம் குறையுமே தவிர, நிறம் மாறாது. டங்ஸ்டன் இழை அப்படியில்லை. மங்கும்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று இறங்கிவரும். ஊசி 1-இல் நிற்கும்போது வெளிச்சம் என்று எதுவும் இல்லை, ஒரு சிவந்த நூல்தான் தெரிகிறது. அதற்காகவே வாகனங்களின் பின்விளக்கில் போடும் 21 வாட் பல்பைத் தேர்ந்தெடுத்தேன். அரை மணி நேரத்தில் கண்ணாடிக் குடுவையைத் தொட முடியவில்லை. அடியில் வைத்திருந்த ரப்பர் வளையம் கருகும் வாடை. அதே அடிப்பாகம் கொண்ட 10 வாட் பல்புக்கு மாறி, பித்தளை மூடியில் 5 மில்லிமீட்டர் துளை எட்டும், குடுவையின் மேலே சூடு வெளியேற ஓர் இடுக்கும் வைத்தபிறகு சூடு அடங்கியது. வெளிச்சம் பாதிக்கும் கீழே போனது. வருத்தமில்லை.

கம்பிகளை இணைத்து முதன்முதலாக ஏற்றியபோது, ஊசி ஏற ஏற விளக்கு மங்கிக்கொண்டே போனது. மின்தடையின் இரண்டு ஓரக் கம்பிகளை இடம் மாற்றிச் சாலிடர் செய்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்று விதி போட்டுச் செய்த ஊசி, பிறந்தவுடன் முழுப் பொய்யாகச் சொன்னது.

கடைசியாக முகப்பு. செத்துப்போன 100 மில்லிமீட்டர் அழுத்தமானி ஒன்றைத் திறந்தேன். யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடு அப்படியே உள்ளே இருந்தது. தட்டையாக்கி வில்லாக வளைத்த குழாய்; உள்ளே அழுத்தம் ஏறினால், ஊதினால் நீளும் காகித ஊதல்போல நிமிரப் பார்க்கும்; அதன் நுனி ஒரு சிறு பல்வளைவை இழுத்து ஊசியைத் திருப்பும். இதையெல்லாம் வெளியே எடுத்துவைக்க மனம் வரவில்லை. அரை மணி நேரம் குழாயின் நுனியை விரலால் தள்ளி ஊசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எண்பலகையையும் ஊசியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரிய சக்கரம் சுழல்வது தெரிய வேண்டும் என்பதால் எண்பலகையின் நடுவே 64 மில்லிமீட்டர் வட்டத்தை நுண்ரம்பத்தால் வெட்டினேன். எண்களின் அடிக்கும் வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டியது.

அழுத்தமானியின் எண்கள் 270 டிகிரிக்குப் பரவி, அடியில் 90 டிகிரி வெறுமையாக விடுபட்டிருக்கும். என் கைப்பிடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். அது அந்த வெற்றிடத்தில் ஏதோ அளந்து செய்ததுபோல உட்கார்ந்தது. அளக்கவில்லை, அதிர்ஷ்டம். இன்னோர் அதிர்ஷ்டமும் உண்டு. வால்வை இடப்பக்கம் திருகினால் திறக்கும். நேரடியாகக் கடிக்கும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும், எனவே ஊசி வலப்பக்கமாக, அதாவது எண்கள் ஏறும் திசையில், தானாகவே போகிறது. திட்டமிடும்போது இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஊசியின் வால்முனை மட்டும் பாதிவழியில் கைப்பிடியின் விளிம்பில் தட்டியது. 9 மில்லிமீட்டர் விட்டு மீதியை நறுக்கினேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியதில் முதலாவது, பற்கள் கடிக்கும் இடம். நான் இவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த அந்தக் காட்சி, கைப்பிடியின் நடுக்குமிழுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட்டது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. நடுவே இன்னொரு சக்கரத்தைக் கொடுத்துத் தள்ளிவைக்கலாம். ஆனால் ஒன்று கொடுத்தால் திசை தலைகீழாகி ஊசி இடப்பக்கம் ஓடும். இரண்டு கொடுக்க வேண்டும். இரண்டு கொடுத்தால் ஆட்டமும் கூடும். அடிப்பலகையையும் 30 மில்லிமீட்டருக்குப் பதில் 45 மில்லிமீட்டர் கனத்தில் எடுப்பேன். வால்வைத் திருகும்போது விளக்கு முழுவதும் லேசாகத் திரும்புகிறது. எடை போதவில்லை, இப்போதைக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டைப் பதித்திருக்கிறேன்.

இன்று காலை அக்காள் மகள் வந்திருந்தாள். எதுவும் சொல்லாமல் விளக்கை அவள் முன்னால் தள்ளிவைத்தேன். கைப்பிடியைத் திருகினாள். சக்கரத்தைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், குனிந்து பக்கவாட்டில் பற்களைக் கண்டுபிடித்தாள். முட்டி நின்றதும் இன்னும் ஒருமுறை பலங்கொண்ட மட்டும் திருகிப் பார்த்தாள். வாஷர்கள் தாங்கின.

“மாமா, முள் ஒன்பதேகாலோடு நின்றுவிட்டது.”

“அவ்வளவுதான் போகும்.”

“அப்படியென்றால் பத்து எதற்கு எழுதியிருக்கிறது?”

பழைய அழுத்தமானியில் அப்படி இருந்தது என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. அவள் போனபிறகு எண்பலகையைக் கழற்றி மேசையில் வைத்தேன். 1200 உப்புத்தாளில் சிறு துண்டு ஒன்றைக் கிழித்து, ‘10’-இன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் தேய்க்கவில்லை.